இரண்டு விரல் தண்ணீர்

மலாக்காவில் சைக்கிள் வைத்திருந்த ஒருவர் தம்பிராஜாவைத் தெரியாது என்று சொன்னால் அது பொய். பத்து பெரெண்டாம் ஊரிலிருந்து தெங்கேரா கடற்கரை வரைக்கும் பஞ்சரான சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஆட்கள் வந்து நின்ற இடம் காஜா பேராங்கில் அவருடைய கடைதான். வழியில் வேறு இரண்டு கடைகள் இருந்தன. அவற்றைத் தாண்டித்தான் வந்தார்கள்.

பிறந்தது ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படிப்பு. அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் சரக்கு இல்லை என்பது தம்பிராஜாவின் கட்சி. பையன் ரப்பர் பால் வாளி தூக்கப் போய்விட்டான் என்பது வாத்தியாரின் கட்சி. எது எப்படியோ, ரப்பர் என்றால் என்ன என்பது அவருக்கு மரத்தில் வடியும்போதே தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் புது டியூப் வரத்து நின்றுபோய் மற்ற கடைக்காரர்கள் கையைப் பிசைந்தபோது, அவர் பச்சைப் பாலையும் பழைய டியூப் துண்டையும் வைத்து ஒட்டுப் போட்டு ஊரையே ஓட வைத்தார். ஒருவரிடமும் கைகட்டி நின்று தொழில் கற்கவில்லை. தானே கற்றார், தானே கடை போட்டார், கடை வாசலில் தன் பெயரைத் தானே எழுதினார். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை, ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் ஜெயபாலன். தம்பிராஜாவின் மனைவி சந்திரமதிக்குத் தம்பி. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணி, சுங்க இலாகாவில் கிராணி என்ற குமாஸ்தா வேலையில் இருந்தவன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட வருவான். சாப்பாட்டோடு மச்சானையும் சேர்த்து மெல்லுவான்.

“ஏன் மச்சான், காத்து சும்மா ஊர் பூரா கிடக்குது. அதைப் பிடிச்சு அடைச்சுக் குடுக்குறதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு கோணப் போர்டு.”

“உன் ஆபீசுல மட்டும் என்னா, மாப்ளே? கப்பல் வந்தா வந்துச்சுன்னு எழுதுற. அது வந்தது கப்பலுக்கே தெரியும்.”

சந்திரமதி இரண்டு பேருக்கும் நடுவில் குழம்புச் சட்டியை வைத்துவிட்டுப் போவாள். பெற்றவர்கள் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள். அவள்தான் அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனை யார் என்ன சொன்னாலும், புருஷனே சொன்னாலும், குழம்பில் உப்பு கூடிவிடும்.

ஐம்பத்தேழாம் வருஷம் தொடக்கத்தில் ஒரு நாள் டாக்டர் கருணாகரன் கடைக்கு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. சீமையில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆள். கையில் ஒரு கருப்பு ரப்பர் பை. ஆபரேஷன் நேரத்தில் மயக்கத்தில் கிடப்பவருக்கு மூச்சு போட உதவும் பை அது. ஓரத்தில் கீறல். சிங்கப்பூரிலிருந்து வேறு வர ஒரு மாதம் ஆகுமாம்.

“இதை ஒட்ட முடியுமா?”

“முடியுமான்னு என்கிட்ட கேட்ட முதல் ஆளு நீங்கதான் டாக்டர்” என்றார் தம்பிராஜா.

ஒட்டிக் கொடுத்தார். ஒட்டு எங்கே என்று டாக்டருக்கே தேட வேண்டியிருந்தது. மறுவாரம் டாக்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் பை இல்லை, ஒரு தாளில் படம் இருந்தது. சைக்கிள் பம்ப், ரப்பர் குழாய், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய். “இப்படி ஒண்ணு செஞ்சு தரணும். ஆட்டு நுரையீரலை ஊதிப் பாக்குறதுக்கு.”

சந்தையில் இறைச்சிக் கடைக்காரரிடம் நுரையீரல் வாங்கிக்கொண்டு போகும் டாக்டரை ஊர் ஏற்கெனவே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. தம்பிராஜா அப்படிப் பார்க்கவில்லை. இவ்வளவு படித்த மனுஷன் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தன் கடைக்கு வந்திருக்கிறார் என்பதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. வேறு எங்கே போவார்?

ஆஸ்பத்திரியில் சலவை அறையை ஒட்டி ஒரு சின்ன அறையில் டாக்டரின் ஆராய்ச்சி நடந்தது. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மேசை, எப்போதும் ஒரு ஆட்டு நுரையீரல். ஜூலையில் ஒரு நாள் டாக்டர் சொல்லிக் காட்டினார். நுரையீரல் ஒரு பை இல்லை, கோடிக்கணக்கான குட்டிப் பைகள். ஒவ்வொரு பைக்கும் சுவர் என்பது ஒரே ஒரு வரிசை செல். செல் என்பது உடம்பின் செங்கல் மாதிரி, ஆனால் உயிருள்ள செங்கல், இழுத்தால் நீளும். எவ்வளவு இழுத்தால் தாங்கும், எங்கே கிழியும் என்பதுதான் அவருடைய கேள்வி.

“இதைத் தெரிஞ்சு என்னா பண்ணப் போறீங்க டாக்டர்?”

“மூச்சு நின்னுபோன ஆளுக்கு நாம மூச்சு போட்டுக் காப்பாத்தலாம், தம்பிராஜா. டென்மார்க்குல செய்றாங்க. ஆனா மூச்சு போட்ட பல பேரு சில நாள்ல நுரையீரல் கெட்டுச் சாகுறாங்க. வியாதி கொல்லுதா, நாம போடுற மூச்சு கொல்லுதா? அதுதான் தெரியணும்.”

அதோடு இன்னொன்றும் சொன்னார். ரொம்ப ஊதினால் செல் கிழிகிறது, அது புரிகிறது. ஆனால் கொஞ்சமாக ஊதிய நுரையீரலிலும் கிழிசல் இருக்கிறது. அது ஏன் என்று புரியவில்லை. ஆறு மாதமாக அந்த இடத்தில் நிற்கிறார்.

தம்பிராஜா அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு வேறு அவசரம். கடையில் நாலு சக்கரம் காத்திருந்தது.

ஆகஸ்டு வந்தது. மாத முடிவில் சுதந்திரம். ஊரெல்லாம் தோரணம், வளைவு, கொடி. காஜா பேராங் முச்சந்தியில் ஒரு வளைவு கட்டினார்கள். ஜெயபாலன் ஆபீஸ் விட்டு வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறி வேலை செய்தான். இறங்கும்போது பலகையில் நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த ஆணி காலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினான்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டில் சோற்றைப் பிசைந்தவன் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

“என்னா மாப்ளே, இன்னைக்கு எனக்கு லீவா?” என்றார் தம்பிராஜா.

ஜெயபாலன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்கவே இல்லை. உதடு இழுத்தபடி நின்றது. அடுத்த நிமிஷம் முதுகு வில்லாக வளைந்து நாற்காலியோடு கீழே விழுந்தான்.

ரணஜன்னி என்கிற டெட்டனஸ். ஆஸ்பத்திரியில் டாக்டர் கருணாகரன் சந்திரமதியிடம் மறைக்காமல் சொன்னார். “விஷம் உடம்புல ஏறிடுச்சும்மா. இழுப்பு ஒவ்வொண்ணா வரும். நெஞ்சு இறுகும்போது மூச்சு நின்னுடும். இந்த அளவுக்கு வந்தவங்க இங்க யாரும் பிழைச்சதில்லை.”

“அப்ப?”

“ஒரு வழி இருக்கு. தசை எல்லாத்தையும் தளர்த்துற மருந்து போட்டா இழுப்பு நிக்கும். ஆனா மூச்சும் நிக்கும். தொண்டையில துளை போட்டு, குழாய் வெச்சு, பையை அமுக்கி நாமதான் மூச்சு போடணும். கையால. விஷம் இறங்குற வரைக்கும். மூணு வாரம் ஆகலாம்.”

“மூணு வாரம் யாரு அமுக்குவா?”

தம்பிராஜா முன்னால் வந்தார். “எத்தனை கை வேணும்னு சொல்லுங்க டாக்டர்.”

அன்று மாலைக்குள் இருபத்திரண்டு பேர். எல்லாம் அவருடைய வாடிக்கை. பேச்சா என்ற சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர்கள், ரொட்டிக்காரர், மீன்காரர், தெங்கேராவில் வலை வீசும் பாக் டோலா என்ற மலாய்க்காரப் பெரியவர். தம்பிராஜா கூப்பிட்டால் வர மாட்டேன் என்று சொல்ல அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இது சும்மா சொல்வதில்லை, வார்டு சுவரில் சாக்கட்டியால் எழுதிய பெயர்ப் பட்டியலே சாட்சி. ஆளுக்கு ஒரு மணி நேரம். மேற்பார்வைக்கு டாக்டரின் உதவியாளரான டிரஸ்ஸர் நடராஜன். அவர் மலாக்காவில் பல தலைமுறையாகக் குடியிருக்கும் செட்டிகளின் ஊரான சிட்டி கம்பத்துக்காரர். சாமி கும்பிடுவதெல்லாம் நம்மைப்போலத்தான், பேச்சு மட்டும் மலாய்.

வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் துரையிடம் அனுமதி கேட்கப் போனபோது அவர் கப்பலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். “இன்னும் ரெண்டு வாரத்துல இது உங்க நாடு. கையெழுத்தை நீங்களே போடுங்க” என்றாராம். கருணாகரன் போட்டார்.

நாலு நாள் நன்றாகப் போனது. பையை அமுக்கினால் ஜெயபாலனின் நெஞ்சு எழும்பும். விட்டால் காற்று பக்கத்துக் குழாய் வழியே புஸ்ஸென்று வெளியே போகும். கண் மூடி, ஆடாமல் அசையாமல் கிடந்தான். அடிக்கொரு தரம் எதையாவது சொல்லிக் குத்துகிற வாய் அப்படிக் கிடப்பதைப் பார்க்கத் தம்பிராஜாவுக்கு என்னவோபோல் இருந்தது. தன் முறை வரும்போதெல்லாம் மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே அமுக்கினார். இருபது வருஷம் பம்ப் அடித்த கை. காற்று போட வேண்டும் என்றால் குறைவாகப் போடும் பழக்கம் அந்தக் கைக்கு இல்லை. தளர்ந்த டயரோடு அவர் கடையை விட்டு ஒரு சைக்கிளும் வெளியே போனதில்லை.

ஐந்தாம் நாள் காலை. அவருடைய முறை. ஜெயபாலனின் நகம் நீலம் பூத்திருந்தது. காற்று போதவில்லை என்று தம்பிராஜா முடிவு கட்டினார். இன்னும் பலமாக அமுக்கினார்.

நடராஜன் ஓடி வந்தார். “ஜாங்ஙான் குவாட், பாங்! பெலான்-பெலான்!” பலமாக வேண்டாம், மெதுவாக, மெதுவாக என்று கையைத் தொட்டுச் சொன்னார்.

“எனக்கே காத்தடிக்கச் சொல்லித் தர்றியா?” என்று தமிழில் சொல்லிவிட்டுத் தம்பிராஜா அமுக்கினார்.

உள்ளே ஏதோ ஒன்று விட்டுப்போனது. கை அறிந்தது அதை. பையில் இருந்த எதிர்ப்பு ஒரு நொடியில் மாறிவிட்டது. ஜெயபாலனின் கழுத்து உப்ப ஆரம்பித்தது. தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று, பொரியை அமுக்கினாற்போல்.

டாக்டர் வந்தார். நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். விலாவில் துளை போட்டு ஒரு ரப்பர் குழாயை உள்ளே செலுத்தினார். அதன் மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் புட்டிக்குள் முக்கிக் கீழே வைத்தார். புட்டிக்குள் குமிழி குமிழியாகக் கிளம்பியது.

அந்தக் குமிழிகளைத் தம்பிராஜாவுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கடைத் தொட்டியில் டியூபை முக்கி தினமும் பார்ப்பவை அவை.

“பஞ்சர்” என்றார்.

“ஆமாம்” என்றார் டாக்டர். “நுரையீரல் கிழிஞ்சிருக்கு. யாரோட முறை?”

நடராஜன் சுவரைப் பார்த்தார். தம்பிராஜா சுவரைப் பார்க்கவில்லை.

“என் கைதான் டாக்டர்.”

வெளியே வராந்தாவில் சந்திரமதி நின்றாள். அவளிடமும் அதையே சொன்னார். கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் தன்னால் ஒரு காரியம் கெட்டது என்று அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

“ஊர்ல உள்ள கிழிசல் பூரா ஒட்டுற ஆளு. என் தம்பி நெஞ்சைக் கிழிச்சுட்டு வந்து நிக்கிறீங்க.”

தம்பிராஜா சுவரோரம் ஒதுங்கி உட்காரப் போனார்.

“எங்கிட்ட என்னா சொல்றீங்க? உள்ள போங்க. கிழிச்ச கைதானே, அதே கையால ஒட்டிட்டு வாங்க.”

உள்ளே போனார். இப்போது எல்லோரும் மெதுவாகத்தான் அமுக்கினார்கள். ஆனால் நீலம் போகவில்லை. மத்தியானம் உதட்டுக்கும் ஏறியது. டாக்டர் காதுக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டு ஆராய்ச்சி அறைக்குப் போய் உட்கார்ந்தார். தம்பிராஜா பின்னாலேயே போய் நின்றார்.

“பலமா அமுக்கினா கிழியுது. மெதுவா அமுக்கினா திறக்க மாட்டேங்குது” என்றார் டாக்டர், அவரிடம் பேசுவதுபோலவும் இல்லாமல். “அடியில இருக்குற குட்டிப் பைகள் எல்லாம் சுருங்கி மூடிக்கிச்சு. காத்து அங்க போகவே இல்ல. நாளைக்குள்ள திறக்கலைன்னா…”

தம்பிராஜா மேசைக்குக் கிட்டே வந்தார்.

“எப்ப மூடிக்குது டாக்டர்?”

“என்ன?”

“காத்து உள்ள போறப்பவா, வெளிய வர்றப்பவா?”

“வெளிய வர்றப்ப. எல்லாக் காத்தும் போனதும் சுவரும் சுவரும் ஒட்டிக்கும். உள்ள ஈரம்.”

“மறுபடி அமுக்குறப்ப ஒட்டுனதைப் பிரிச்சுத் திறக்குறோம்.”

“ஆமாம்.”

“நிமிஷத்துக்கு இருபது தடவை ஒட்டி, இருபது தடவை பிரிக்கிறோமா?”

டாக்டர் தலையைத் தூக்கினார்.

தம்பிராஜாவுக்கு இப்போது நின்று பேசத் தெம்பு வந்துவிட்டது. “டாக்டர், புது டியூபைக்கூட நான் காத்தை முழுசா இறக்கி மடிச்சு வைக்க மாட்டேன். இந்த ஊர் வெக்கைக்குச் சுவரோட சுவர் ஒட்டிக்கும். அப்புறம் அடிச்சா, காத்து ஒட்டாத பக்கமா ஓடி அங்க உப்பும். ஒட்டுன பக்கம் பிரியுற ஓரத்துல பிய்க்கும். நீங்க கொஞ்சமா ஊதினதுலயும் கிழியுதுன்னீங்களே, அது ஊதுனதால இல்ல. பிரிச்சதால. நாங்க என்னா செய்வோம், ரெண்டு பம்ப் காத்தை உள்ளயே விட்டுத்தான் வைப்போம். டயருக்குள்ள போடுறப்பவும் அப்படித்தான். ஒரு டியூபும் என் கடையில வெறும் வயித்தோட இருந்ததில்ல.”

“மனுஷன் டியூப் இல்ல, தம்பிராஜா.”

“மனுஷன் இல்லதான். ஆடு இருக்குல்ல?”

மேசை மேல் அன்றைய நுரையீரல் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டைக் கையை மடக்கினார்.

ஒரே ஆடு, இடமும் வலமுமாக இரண்டு பக்கம். ஒரே பம்ப், இரண்டாகப் பிரியும் பித்தளைக் குழாய். வெளிவழியை விரலால் அடைத்துக்கொண்டு பம்ப் அடிக்க வேண்டும், விரலை எடுக்க வேண்டும். இடப் பக்கத்துக் காற்று அப்படியே வெளியே போனது. வலப் பக்கத்து வெளிக்குழாயின் முனையைத் தம்பிராஜா ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் விட்டார். காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். தள்ள முடியாத கடைசிக் காற்று உள்ளேயே நிற்கும்.

“எவ்வளவு ஆழம் விட்டீங்க?”

தம்பிராஜா புட்டிக்கு வெளியே விரலை வைத்துக் காட்டினார். “ரெண்டு விரல்.”

ஒரு மணி நேரம் அடித்தார்கள். டாக்டர் அடித்தார், பிறகு தம்பிராஜா அடித்தார். இந்தத் தடவை ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி அடித்தார். முடிவில் இடப் பக்கம் ஈரல் துண்டுபோல் கறுத்துக் கனத்து, ஒரு ஓரம் மட்டும் உப்பிக் கிடந்தது. வலப் பக்கம் சந்தையிலிருந்து வந்த நிறத்திலேயே, பூப்போல. டாக்டர் இரண்டிலிருந்தும் மெல்லிய சீவலாக எடுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகு நேரம் குனிந்திருந்தார். பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

தம்பிராஜா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஒன்றில், சுவர் முழுக்க நைந்து, செல்கள் உரிந்த பெயிண்டுபோல் தொங்கின. மற்றதில் வரிசையாக, அடுக்கியதுபோல் இருந்தன.

“ஆறு மாசம்” என்றார் டாக்டர். “ஆறு மாசமா எவ்வளவு ஊதணும்னே பாத்துக்கிட்டிருந்தேன். எவ்வளவு மிச்சம் வைக்கணும்னு பாக்கல.”

“எங்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாம்” என்றார் தம்பிராஜா. அடக்கம் வர வேண்டிய நேரம்தான், ஆனாலும் உண்மை உண்மைதானே.

டாக்டர் உடனே எழுந்துவிடவில்லை. பயம் அவருக்கு இரண்டு. நெஞ்சுக்குள் காற்று மிச்சம் நின்றால் இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறையலாம். அதைவிட, கிழிந்த இடம் பெரிதாகலாம். வராந்தாவுக்குப் போய் இரண்டையும் சந்திரமதியிடம் சொன்னார். இதுவரை மனுஷனுக்கு இங்கே செய்து பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

“செய்யலைன்னா?”

“நாளைக்கு இதே நேரம் இருக்க மாட்டார்மா.”

“அப்ப என்னாத்துக்கு எங்கிட்ட நின்னு பேசுறீங்க?” என்றாள்.

சாயங்காலம் நாலரை மணி. நடராஜன் நாடியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ரத்த அழுத்தக் கருவியோடு உட்கார்ந்தார். தம்பிராஜா மூச்சு வெளியேறும் குழாயை இன்னொரு தண்ணீர்ப் புட்டியில் விட்டார், மெதுவாக அமுக்கச் சொன்னார். பை பாக் டோலாவின் கையில் இருந்தது. தன் கையில் வாங்கிக்கொள்ள அன்றைக்குத் தம்பிராஜா துணியவில்லை.

முதலில் மூன்று விரல் ஆழம் வைத்தார்கள். விலாவிலிருந்து வந்த குழாயின் புட்டியில் குமிழி கொதிக்கிற மாதிரி கிளம்பியது. நாடி இளைத்தது என்று நடராஜன் தலையசைத்தார்.

“எடுத்துடலாம்” என்றார் டாக்டர்.

“எடுக்க வேணாம். ஒரு விரல் ஏத்துங்க. பஞ்சர் டியூப்ல முழுக் காத்து வைப்போமா? சுவர் ஒட்டாத அளவுக்குத்தான்.”

தம்பிராஜாவே குழாயை ஒரு விரல் மேலே தூக்கிப் பிடித்தார். கொதிப்பு அடங்கியது. ஒன்று, ஒன்று என்று குமிழி வந்தது. நாடி திரும்பியது. அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம். அரை மணி நேரம். நடராஜன் ஜெயபாலனின் கையைத் தூக்கி வெளிச்சத்தில் நகத்தைக் காட்டினார். நீலம் ஓரத்துக்கு ஒதுங்கி நடுவில் சிவப்பு வந்திருந்தது.

சந்திரமதியை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனைப் பார்த்து, “கையை எடுத்துறாதீங்க” என்றாள்.

அதற்குப் பிறகு தம்பிராஜா இருபத்திரண்டு பேரையும் வராந்தாவில் நிற்க வைத்துப் பழக்கினார். ஒரு பழைய டியூபை வெட்டிப் பையாக்கி, அதில் எந்த அளவுக்கு விரல் மடங்க வேண்டும் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். பலத்தைக் காட்ட வந்தவர்களைத் திட்டினார். “காத்தைத் தள்ளாத, ஊட்டு” என்றார். புட்டியில் இரண்டு விரல் அளவுக்குச் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார். அந்தக் கோடு மட்டும் சாயவே இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஊர் முழுக்கத் திடலுக்கும் ரேடியோவுக்கும் போய்விட்டது. எட்டு மணி முறைக்கு வர வேண்டிய பேச்சாக்காரர் வரவில்லை, ஒன்பது, பத்து மணிக்காரர்களும் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, நாடு ஒரு தடவைதான் பிறக்கும். தம்பிராஜா பையைக் கையில் எடுத்தார். கிழித்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நடராஜன் ரேடியோவை வராந்தா ஜன்னலில் வைத்தார். கோலாலம்பூரிலிருந்து மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்று குரல் வந்தது. ஏழு தடவை. வார்டில் நோயாளிகள், தாதிகள் எல்லோரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். தம்பிராஜாவுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. அமுக்கி, விட்டு, அமுக்கி, விட்டு, மூன்று மணி நேரம் அப்படியே நின்றார். விலாக் குழாயின் புட்டியில் அன்று ஒரு குமிழிகூட வரவில்லை. கிழிசல் மூடிவிட்டது.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி டாக்டர் மருந்தைக் குறைத்தார். இழுப்பு வரவில்லை. மத்தியானம் தம்பிராஜாவின் கையில் பை இருந்தபோது, அவர் அமுக்காமலே அது தானாகச் சுருங்கியது. ஏதோ தவறு என்று நினைத்துக் கையை இறுக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். பை மறுபடி சுருங்கியது. கைக்குள்ளிருந்து யாரோ காற்றைத் திருடுகிற மாதிரி.

“டாக்டர்! இவன் எடுத்துக்கிறான்! அவனே எடுத்துக்கிறான்!”

சந்திரமதி ஓடி வந்தாள். பையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். மூன்று வாரமாகத் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்குத்தான் அழுதாள்.

இன்னும் ஒரு வாரம் கழித்துத் தொண்டைக் குழாயை அடைத்து ஜெயபாலனைப் பேச வைத்தார்கள். எலும்பும் தோலுமாகத் தலையணையில் சாய்ந்திருந்தான். தம்பிராஜா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வேறு யாரும் சொல்லும் முன் தானே சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தார்.

“மாப்ளே, ஒரு விஷயம். உன் நெஞ்சைக் கிழிச்சது…”

“தெரியும்” என்றான் ஜெயபாலன். குரல் தகரம் உரசுகிற மாதிரி வந்தது. “நீங்கதான்.”

“யாரு சொன்னா? உங்க அக்காவா?”

“யாரும் சொல்லல. அசைய முடியல, கண்ணு திறக்க முடியல. ஆனா பாதி நேரம் முழிச்சுத்தான் இருந்தேன் மச்சான். யாரு அமுக்குறாங்கன்னு ஒவ்வொரு கையும் தெரியும். உங்க கை… லாரி டயருக்கு அடிக்கிற கை.”

ஜெயபாலன் மெல்லக் கையை நகர்த்தி மச்சானின் முழங்கால் மேல் வைத்தான்.

“அப்புறம் மாறிடுச்சு. அந்த மெர்டேக்கா நாளு மூணு மணி நேரம் நீங்கதானே? அன்னைக்கு நான் நல்லாத் தூங்கினேன்.”

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டர் கருணாகரன் அவசர அவசரமாக நோட்டைத் திறந்தார். ஆட்டு நுரையீரல் எதுவும் இதுவரை அவரிடம் வாய் திறந்து பேசியதில்லை.

“இருங்க, இருங்க, ஜெயபாலன். இது எனக்கு முக்கியம். உள்ள இருந்து உங்களுக்கு எப்படி இருந்துச்சு? இருபத்திரண்டு பேருல மூச்சு ரொம்பச் சுகமா இருந்தது யாரு கையில?”

ஜெயபாலன் கண்ணை மூடி யோசித்தான். தம்பிராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாக் டோலா” என்றான் ஜெயபாலன். “அவரு கையில மூச்சு வர்றதும் போறதுமே தெரியாது. அவருதான் முதல்.”

டாக்டர் எழுதினார். சந்திரமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

தம்பிராஜா எழுந்து, டாக்டரின் நோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, எழுதி முடிக்கும் வரை பொறுத்திருந்தார்.

“அதுக்குக் கீழ இன்னொரு வரி போடுங்க டாக்டர்” என்றார். “பாக் டோலாவுக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு.”